ஈமாக்ஸைப் படம்பிடித்துக் காட்ட முடியுமா?

ஈமாக்ஸை முதன்முறை திறப்பவர் கண்ணில் படுவது இவ்வளவுதான்: வெள்ளைப் பின்னணி. மேலே ஒரு மெனு வரிசை. அதையொட்டிப் பழைய பாணியில் வரைந்த சில சின்னங்கள். நடுவே வரவேற்பு வாசகம். அடியில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று, அதற்கும் கீழே ஒரே ஒரு வெற்று வரி. இதையும் விண்டோஸின் நோட்பேடையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்கம்பக்கமாக வைத்தால், எது 1976-இல் பிறந்து இன்னமும் புதுப் பதிப்பு கண்டுவரும் மென்பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது. எதற்காகச் சில நிரலாளர்கள் வாழ்நாள் முழுக்க வேறு எதையும் தொடாமல் இருக்கிறார்கள் என்பதோ படத்தில் சுத்தமாகத் தெரியாது.

ஈமாக்ஸ் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், அதாவது வெறும் எழுத்தை மட்டும் கையாளும் கருவி. வேர்டு போல பக்க ஓரம், எழுத்துரு, அச்சு அமைப்பு என்ற கவலையெல்லாம் அதற்குக் கிடையாது. நிரல், கடிதம், கட்டுரை, பெயர்ப் பட்டியல் என்று எதையும் எழுதலாம், திருத்தலாம். அதனால் இந்த வகை மென்பொருளை அறிமுகப்படுத்துகிறவர்களுக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. போட்டோஷாப்பைக் காட்ட ஒரு படம் போதும். எடிட்டரைக் காட்ட? எழுத்து நிரம்பிய ஒரு செவ்வகம்தான் கிடைக்கும்.

ஆகவே பலர் அலங்காரத்தில் இறங்குகிறார்கள். கறுப்புப் பின்னணி, வண்ண வண்ண எழுத்து, இடப்பக்கம் கோப்புகளின் மரம், வலப்பக்கம் இன்னொரு பகுதி, அடியில் ஒரு டெர்மினல். படம் அமர்க்களமாக இருக்கும். விஎஸ் கோடு என்ற இன்னொரு எடிட்டரை அறிந்த புதியவர் பார்த்துவிட்டுக் கேட்பார்: "இது விஎஸ் கோடு மாதிரியே இருக்கிறதே, அப்போது விஎஸ் கோடே போதாதா?" அவர் கேட்பது நியாயம். அந்தப் படம் சொன்னது அவ்வளவுதான்.

என் கட்சி இது: ஈமாக்ஸின் முக்கியமான சங்கதி எதுவும் திரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது இல்லை. ஒரு விசையை அழுத்தியதற்கும் திரை மாறியதற்கும் நடுவில் அது நடக்கிறது. அசையாத படம் அந்த நடுவைக் காட்டாது. விரலை வேலை வாங்கும் பயிற்சிப் பாடம் காட்டும். ஈமாக்ஸைச் செய்தவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது என்பதற்கு மென்பொருளுக்குள்ளேயே சான்று இருக்கிறது.

திரையில் எழுத்து தெரிவதே ஓர் அதிசயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் டான் மர்ஃபி எழுதிய டெக்கோ என்ற எடிட்டர், துளையிட்ட காகித நாடாவில் இருந்த நிரலைத் திருத்துவதற்காகப் பிறந்தது. அதில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே திருத்துவது என்ற பேச்சே இல்லை. "பத்து எழுத்து தாண்டு, மூன்றை அழி, இதைச் செருகு" என்று கட்டளைகளைச் சங்கேத எழுத்துகளில் கோத்துக் கொடுக்க வேண்டும். என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமானால் அதற்கும் தனிக் கட்டளை. உங்கள் பெயரையே கட்டளையாக அடித்தால் டெக்கோ என்ன செய்யும் என்று ஊகிப்பது அக்கால நிரலாளர்களின் பொழுதுபோக்கு என்பார்கள்.

1972-இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் கார்ல் மிக்கல்சன் என்பவர் டெக்கோவில் ஒரு புது வசதி சேர்த்தார். அடிக்க அடிக்க எழுத்து திரையில் தெரியும். திருத்தியது உடனே மாறும். பின்னர் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை மாற்றி எழுதினார். எந்த விசையை அழுத்தினாலும் ஒரு டெக்கோ நிரல், அதாவது ஒரு மேக்ரோ, ஓடும்படி செய்தார். திறந்துவிட்ட மடை அது. ஆய்வகத்தில் ஆளாளுக்கு ஒரு மேக்ரோத் தொகுதி எழுதிக்கொண்டார்கள். ஒருவர் இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்து வேலை செய்ய முடியாத நிலை வந்தது. கை ஸ்டீல் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தப் புறப்பட்டார், ஸ்டால்மன் தொடர்ந்தார். 1976-இல் வந்த அந்தப் பொதுத் தொகுதிதான் ஈமாக்ஸ். திருத்தும் மேக்ரோக்கள் என்பதன் சுருக்கமே பெயராயிற்று. இன்று நாம் பயன்படுத்தும் ஜிஎன்யு ஈமாக்ஸ் 1985-இல் வெளிவந்தது. அடித்தளம் சி மொழியில். அதன் மேல் லிஸ்ப் என்ற மொழியில் எழுதிய ஆயிரக்கணக்கான சிறு நிரல்கள், அதாவது ஃபங்ஷன்கள்.

ஆக, முதலிலிருந்தே அது "விசைக்கு ஒரு நிரல்" என்ற ஏற்பாடு. நோட்பேடில் எஃப் விசையை அழுத்தினால் எஃப் என்ற எழுத்து விழும், அது இயற்கை விதி போல. ஈமாக்ஸில் அதுகூட ஒரு ஃபங்ஷன் ஓடியதன் விளைவு: "அழுத்திய எழுத்தை இந்த இடத்தில் செருகு" என்ற ஃபங்ஷன். கன்ட்ரோலோடு சேர்த்து எஃப்பை அழுத்தினால் "ஒரு எழுத்து முன்னே போ" என்ற வேறொரு ஃபங்ஷன். இரண்டுக்கும் அந்தஸ்தில் வித்தியாசமில்லை. இரண்டையும் மாற்றலாம்.

இதை எந்த ஸ்கிரீன்ஷாட்டில் காட்டுவது?

ஒரு வழி இருக்கிறது. புதியவரிடம் கன்ட்ரோல்-எச் அழுத்தி, பிறகு கே அழுத்தி, பிறகு அவருக்குப் பிடித்த எந்த விசையையாவது அழுத்தச் சொல்லுங்கள். திரை இரண்டாகப் பிரிந்து, அந்த விசை எந்த ஃபங்ஷனை ஓட்டுகிறது, அது என்ன செய்யும், எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்கம் வரும். லிஸ்ப் மூலநிரலும் உடன் நிறுவப்பட்டிருந்தால், கோப்பின் பெயர் மேல் கர்சரை வைத்து என்டர் தட்டியவுடன் அந்த ஃபங்ஷனின் நிரலே திறக்கும். கருவி தன் வயிற்றைத் தானே திறந்து காட்டுகிறது. இந்த மூன்று நிலைகளையும் மூன்று படமாக எடுத்து வரிசையாகப் போட்டால், அலங்காரப் படங்கள் ஐம்பது போட்டதைவிடப் பயன் அதிகம்.

இன்னும் சின்னதாக ஒன்று வேண்டுமா? ஈமாக்ஸில் எப்போதும் ஒரு குறிப்புத்தாள் திறந்தே இருக்கும், ஸ்கிராச் என்று பெயர். அதில் (+ 2 3) என்று அடித்து, அடைப்புக்குறிக்குப் பின்னால் கர்சர் இருக்கும்போது கன்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். அடுத்த வரியில் 5 வந்து விழும். கணக்குப் போடுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதுகிற தாளும் நிரல் ஓடுகிற இடமும் ஒன்றே என்பது அந்த 5 விழும் கணத்தில்தான் உறைக்கும். அந்த 5-ஐ மட்டும் படம் பிடித்துப் போட்டால் ஒருவருக்கும் எதுவும் உறைக்காது.

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பகுதியைப் படம் பிடிப்பது என்பதில்தான் விஷயம். அறிமுகக் கட்டுரைகளில் சிலர் அழகு கருதி வெட்டியெறிவது அடியில் உள்ள இரண்டு வரிகளை. என்னைக் கேட்டால் மற்றதை வெட்டிவிட்டு அந்த இரண்டை வைத்துக்கொள்ளலாம்.

சாம்பல் பட்டைக்கு மோட் லைன் என்று பெயர். இடது ஓரத்தில் இரண்டு சிறு கோடுகள் இருந்தால் கோப்பும் நீங்கள் பார்ப்பதும் ஒன்றே. இரண்டு நட்சத்திரங்கள் (**) இருந்தால் ஏதோ மாற்றியிருக்கிறீர்கள், இன்னும் சேமிக்கவில்லை. இரண்டு சதவீதக் குறிகள் (%%) என்றால் படிக்க மட்டுமே அனுமதி. அடுத்து கோப்பின் பெயர், கோப்பில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்ற குறிப்பு, வரி எண், கடைசியில் அடைப்புக்குறிக்குள் இப்போது எந்த வகை எழுத்தைத் திருத்துகிறோம் என்று ஈமாக்ஸ் நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது. சி நிரல் என்று நினைத்தால் டேப் விசைக்கு ஒரு பொருள், சாதாரண உரை என்று நினைத்தால் வேறு பொருள். "என் விசை ஏன் வேலை செய்யவில்லை" என்று தவிக்கும் புதியவர்களுக்குப் பெரும்பாலும் பதில் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

பட்டைக்குக் கீழே இருக்கும் வெற்று வரி இன்னும் முக்கியம். ஈமாக்ஸ் பேசுவதும் கேள்வி கேட்பதும் அங்கேதான். கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்திவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டு நின்றால், இதுவரை அழுத்தியதை அங்கே எழுதிக் காட்டும். கோப்பின் பெயர் கேட்க வேண்டுமானால் அங்கே கேட்கும். பழக்கமில்லாதவர் கண் திரையின் நடுவிலேயே இருக்கும். கேள்வி அடியில் காத்திருப்பது தெரியாமல் அவர் அடித்துக்கொண்டே போவார், அடித்ததெல்லாம் பதிலாகப் போய்ச் சேரும், பீப் ஒலிக்கும், பீதி. இதற்கு மருந்து கன்ட்ரோல்-ஜி, ஆரம்பித்த எதையும் கைவிடும் கட்டளை. ஈமாக்ஸுடன் வரும் பயிற்சிப் பாடத்தில், கர்சரை நகர்த்தும் பகுதி முடிந்த கையோடு, ஈமாக்ஸ் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பகுதி வருகிறது. கோப்பைச் சேமிப்பது எப்படி என்பது அதற்கு வெகு பின்னால்தான். புதியவரின் முதல் தேவை பயம் தெளிவது என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

அந்தப் பயிற்சிப் பாடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல்-எச், டி. இவ்வளவுதான், திறந்துவிடும். அதன் வம்சாவளி 1970-களின் மூல ஈமாக்ஸுக்கு ஸ்டூவர்ட் கிராக்ராஃப்ட் எழுதிய பாடம் வரை பின்னோக்கிப் போகிறது. பாடத்தின் கடைசிப் பத்திகளில் அவர் பெயரே இருக்கிறது. வெறும் எழுத்து. ஒரு படம் கிடையாது. கர்சர் நான்கு திசையில் நகர்வதை விளக்கும் இடத்தில் மட்டும், புள்ளிகள் வைத்து ஒரு சிறு வரைபடம்.

பாடத்தை நீங்கள் படிப்பது ஈமாக்ஸுக்கு உள்ளேயே. பாடமும் ஒரு சாதாரண உரைதான். அதில் கர்சர் ஓடும், எழுத்து விழும், வரி அழியும். இடையிடையே இரட்டை அம்புக்குறி போட்ட வரிகள் வரும்: இதை இப்போது செய்து பார். "இந்த வரியை அழித்துப் பார்" என்றால் அந்த வரியையே அழிக்க வேண்டியதுதான். அழிவது ஒரு நகல். அடுத்த முறை திறந்தால் பாடம் புத்தம்புதிதாக நிற்கும். விட்ட இடத்தைக் குறித்துவைக்கட்டுமா என்று நடுவில் மூடும்போது கேட்கவும் செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் பக்கத்தில் இருக்கிறது. முதலில் கற்றுத்தருவது அடுத்த திரைக்குப் போகும் கன்ட்ரோல்-வி. அந்தக் கட்டளையைச் சொல்லிவிட்டு, "இப்போது அழுத்து" என்ற வரிக்குக் கீழே பல வரிகள் காலியாகக் கிடக்கும். அச்சுப் பிழையோ என்று தோன்றும். பாடம் திறக்கும்போதே ஈமாக்ஸ் உங்கள் சன்னலின் உயரத்தை அளந்து, அந்த இடத்தில் பாடம் திரையின் அடிவரை முடிந்துவிட்டதுபோல் தெரிய எத்தனை வெற்று வரி வேண்டுமோ அத்தனையைச் செருகியிருக்கிறது. பயிற்றுவிப்பதற்காகவே பக்கத்தின் நடுப்பகுதி காலியாக விடப்பட்டிருக்கிறது என்று அங்கேயே ஒரு குறிப்பும் இருக்கும். மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் கன்ட்ரோல்-வி அழுத்தியே ஆக வேண்டும். அழுத்துகிறீர்கள்; எழுத்து வருகிறது; முதல் கட்டளை விரலில் ஏறிவிட்டது. பெரிய திரைக்கு ஒரு கணக்கு, சிறிய திரைக்கு ஒரு கணக்கு. எந்த ஸ்கிரீன்ஷாட்டும் பார்ப்பவரின் திரையை அளந்து தன்னை மாற்றிக்கொள்ளாது.

இதே வழியை விம் என்ற எதிர்முகாம் எடிட்டரும் பின்பற்றுகிறது. விம்டியூட்டர் என்று டெர்மினலில் அடித்தால் அரைமணி நேரப் பாடம் ஒன்று திறக்கும், அதுவும் நகல், அதுவும் அழித்துக் கற்றுக்கொள்ளும் வகை. இரு முகாம்களும் சண்டையிடாமல் ஒத்துப்போகும் விஷயங்களில் இது ஒன்று.

ஒரு பழைய கதையை இங்கே சொல்ல வேண்டும். 1978-இல் பெர்னார்டு கிரீன்பெர்க் என்பவர் மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்புக்காக ஓர் ஈமாக்ஸ் எழுதினார். முழுக்க லிஸ்ப் மொழியில் எழுதிய ஈமாக்ஸ் அது. அவருடைய அலுவலகத்தில் செயலாளர்களாக வேலை பார்த்தவர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்த கையேட்டில் ஈமாக்ஸை நம் வசதிக்கு எப்படி மாற்றிக்கொள்வது, புதுக் கட்டளை எப்படிச் சேர்ப்பது என்றெல்லாம் இருந்தது. அதற்குப் பெயர் நிரல் எழுதுவது என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. தங்களுக்கு நிரலாக்கம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் மிரளாமல் படித்தார்கள், செய்தார்கள், நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஸ்டால்மன் 2002-இல் ஒரு லிஸ்ப் மாநாட்டில் இதை நினைவுகூர்ந்தார். ஒரு வார்த்தையை விழுங்கிய கையேடு அது. இன்றைய அறிமுகங்கள் பலவும் நேர்மாறாக, முதல் பத்தியிலேயே "இது வெறும் எடிட்டர் அல்ல, லிஸ்ப் இயந்திரம்" என்று முழங்கிவிடுகின்றன. வந்தவர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்.

படத்தில் தெரியாத இன்னொன்று உள்ளே இருக்கிறது. பத்து லட்சம் எழுத்துகள் உள்ள ஒரு கோப்பின் ஆரம்பத்தில் ஓர் எழுத்தைச் செருகுகிறீர்கள். நினைவகத்தில் எழுத்துகள் ஒன்றையொட்டி ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தால், தரிசன வரிசையின் முன்னால் ஒருவர் புகுந்ததும் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஓரடி நகர்வது போல, பத்து லட்சம் எழுத்தும் நகர வேண்டும். அடுத்த எழுத்துக்கு மறுபடியும். ஈமாக்ஸ் செய்வது வேறு. நீங்கள் திருத்தும் இடத்தில் முன்கூட்டியே ஒரு காலியிடத்தை வைத்திருக்கிறது. அடிக்கும் எழுத்துகள் அந்தக் காலியிடத்தில் விழுகின்றன. மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வேறோர் இடத்துக்குப் போய்த் திருத்தத் தொடங்கினால் காலியிடம் அங்கே நகர்த்தப்படும். மனிதர்கள் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து அடிப்பார்கள் என்ற சாதாரண உண்மையை நம்பிச் செய்த ஏற்பாடு. காலியிடம் இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று சொல்ல இரண்டு லிஸ்ப் ஃபங்ஷன்களே உண்டு. ஆர்வமுள்ள மாணவருக்கு இதை ஓட்டிக் காட்டினால் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் ஒரு வகுப்பே மிச்சம்.

இனி, புதியவர்கள் இடறி விழும் இடம்: விசைகள். ஏன் எல்லாவற்றுக்கும் கன்ட்ரோல்? எம்ஐடியின் லிஸ்ப் கணினிகளுக்கு வந்த ஸ்பேஸ் கேடட் என்ற விசைப்பலகையில் கன்ட்ரோல் விசை ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டைவிரல் தானாக அங்கே போகும். இன்றைய பலகைகளில் அது மூலையில். சுண்டுவிரல் படும் பாடு தனி. அறிமுகம் செய்பவர் இதைச் சொல்லிவிட வேண்டும். கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்ல வேண்டும். வெட்டுவது, ஒட்டுவது போன்றவற்றுக்கு ஈமாக்ஸில் வேறு பெயர்கள் இருப்பதும் அப்படித்தான். வெட்டு, ஒட்டு என்ற பெயர்கள் எங்கும் பரவுவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவே. மெனுவில் கத்தரிக்கோல் சின்னம் இருக்கிறது, அழுத்தினால் வெட்டும்.

உண்மையில் புதியவருக்கு இந்த விசைகள் முழுக்கப் புதிதாக இல்லாமலும் இருக்கலாம். லினக்ஸ் டெர்மினலில் கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் வரியின் தொடக்கம், கன்ட்ரோல்-இ அழுத்தினால் கடைசி, கன்ட்ரோல்-கே அழுத்தினால் மீதி வரி காணாமல் போகும். மேக் கணினியில் பெரும்பாலான எழுத்துப் பெட்டிகளில் இதுவே நடக்கும். எல்லாம் ஈமாக்ஸ் விசைகள். அறிமுகத்தை இங்கிருந்து தொடங்கினால் பாதி தூரம் வந்தாயிற்று.

மெனுவை இகழ்பவர்களும் இருக்கிறார்கள். அறிமுகக் கட்டுரையின் முதல் அறிவுரையாகவே மெனுவையும் சின்னங்களையும் அணைத்துவிடச் சொல்வார்கள், படம் சுத்தமாக இருக்குமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மெனுவில், விசை உள்ள ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் அந்த விசை எழுதியிருக்கிறது. ஆல்ட்-எக்ஸ் அழுத்திக் கட்டளையின் முழுப் பெயரை அடித்து ஓட்டினாலும், அதற்கு இன்ன விசை உண்டு என்று அடிவரி காதில் போட்டுவிடும். 2025-இல் வந்த 30-ஆம் பதிப்பில் இன்னொரு உதவியும் உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதை இயக்கிவைத்தால், கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்திவிட்டுத் தயங்கினால், அடுத்து அழுத்தக்கூடிய விசைகள் எல்லாம் பட்டியலாக வரும். இவை எல்லாம் மெதுவாகச் சொல்லித்தரும் ஆசிரியர்கள். ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டுப் பாடம் நடத்துவானேன்?

அடுத்தவர் அமைத்துவைத்த ஆயிரம் வரிக் கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொள்வதும் இதே ரகம். ஒரு படத்தைப் பார்த்து மயங்கி, அந்தப் படத்துக்காரரின் அமைப்புக் கோப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறார் புதியவர். இப்போது திரை படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது, விசைகளோ பாடத்தில் சொன்னது போல இல்லை. ஈமாக்ஸ் இதையும் எதிர்பார்த்திருக்கிறது: பாடத்தில் வரும் விசை எதையாவது நீங்கள் மாற்றியிருந்தால், அந்த இடத்திலேயே எச்சரிக்கை போடும். ஆனாலும் முதல் சில வாரம் வெறும் ஈமாக்ஸோடு இருப்பதே நல்லது.

படங்களால் சிறப்பாகக் காட்டக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். இருநூறு பெயர்கள் கொண்ட பட்டியல். எல்லாவற்றிலும் தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறது, பின்னால் வர வேண்டும். எஃப்3 அழுத்துங்கள், ஈமாக்ஸ் பதிவுசெய்யத் தொடங்கும். முதல் வரியில் தலைப்பெழுத்தை வெட்டி, வரிக் கடைசிக்குப் போய் ஒட்டுங்கள். அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போங்கள். இந்தப் படியை மறந்தால் எல்லாம் கெட்டது. எஃப்4 அழுத்திப் பதிவை முடியுங்கள். இனி ஒவ்வொரு எஃப்4-க்கும் ஒரு வரி மாறும். கன்ட்ரோல்-யு, 0, எஃப்4 என்று அழுத்தினால் மேற்கொண்டு போக முடியாத இடம் வரை தானாக ஓடும். இதற்கு மூன்று படம்: பட்டியல் இருந்த நிலை, ஒரே ஒரு வரி மாறிய நிலை, எல்லாம் மாறிய நிலை. இரண்டாவது படத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மூன்று விசைதான் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அலங்காரமே வேண்டாம். என்ன அழுத்தினோம் என்பதே மறந்துவிட்டால் கன்ட்ரோல்-எச், எல். கடைசியாக அழுத்திய முந்நூறு விசைகளின் பட்டியல் வரும். பாடம் எழுதுகிறவர்களுக்கு அதைவிட நல்ல குறிப்பேடு கிடையாது.

தமிழருக்கு ஈமாக்ஸைக் காட்ட இன்னொரு வாசல் உண்டு. கன்ட்ரோல்-எச், பிறகு மீண்டும் எச். உலக மொழிகளில் முகமன் கூறும் கோப்பு திறக்கும். அதில் "வணக்கம்" இருக்கிறது. பல மொழிகளை ஒரே திரையில் காட்டும் இந்தத் திறன் ஜப்பானின் மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மியூல் என்ற பெயரில் உருவாகி, 1997-இல் வந்த 20-ஆம் பதிப்பில் ஈமாக்ஸோடு சேர்ந்தது. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் வேலையை 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் பார்த்துக்கொள்கிறது.

ழ எழுத்தின் மேல் கர்சரை வைத்து, கன்ட்ரோல்-யு, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி என்று அழுத்திப் பாருங்கள். யூனிகோடில் அதன் எண் 2996 என்றும், எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது, எந்த எழுத்துருவில் காட்டப்படுகிறது என்றும் ஒரு பக்கம் விவரம் வரும். "கொ" மேல் வைத்தால் க ஒரு குறி, கொம்பும் காலும் சேர்ந்து இன்னொரு குறி என்பது தெரியும். பின்னழிப்பு விசையைத் தட்டினால் கொம்பும் கால்வாங்கியும் மட்டும் போய் க தனியே நிற்பது ஏன் என்பதும் அப்போது விளங்கும்.

ஆனால் பயிற்சிப் பாடம் தமிழில் இல்லை. ஜப்பானியம், கொரியம், தாய், ஹீப்ரு, எஸ்பெரான்டோ என்று இருபதுக்கும் குறையாத மொழிகளில் இருக்கிறது. 29-ஆம் பதிப்போடு வரும் பட்டியலில் தமிழ் கிடையாது. எழுதப் புறப்படுகிறவர் வெறுமனே மொழிபெயர்த்தால் போதாது. மூலப்பாடத்தில் இல்லாத ஒரு பகுதியைத் தமிழ்ப் பாடம் சேர்க்க வேண்டியிருக்கும். இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையை இயக்கிக்கொண்டு ஈமாக்ஸுக்குள் வந்தால், கன்ட்ரோல் கட்டளைகள் தடுமாறும். எந்த எழுத்தோடு கன்ட்ரோல் வந்தது என்று ஈமாக்ஸுக்குப் புரிவதில்லை. அதற்குப் பதில் இயங்குதளத்தை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, ஈமாக்ஸுக்கு உள்ளேயே தமிழ் உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்99 என்ற விசை அமைப்பு உள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோலும் பின்சாய்வுக்கோடும் சேர்த்து அழுத்தினால் தமிழ், மீண்டும் அழுத்தினால் ஆங்கிலம். தமிழ்99-இல் எஃப் விசையைத் தனியே தட்டினால் எழுத்தின் மேல் புள்ளி விழும். கன்ட்ரோலோடு தட்டினால் எப்போதும் போல கர்சர் ஓரெழுத்து முன்னே நகரும்.